இடாப்பில் ஒரு பெயர்

(சீனன்குடாப் பகுதியிலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவில் எமது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை இது. தோட்டங்களில் வாழும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அவர் பேசியபடியே பிரசுரிக்கிறோம்.)

 

நான் பெரிய பேச்சாளன் இல்லீங்க. தோட்டத்தில் லயம் லயமாக நடந்து, கூரை ஒழுகுதா, தண்ணி வருதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா என்று கேட்பதுதான் என் வேலை. இந்த ஊரில் என் அக்கா இருக்கிறா. அவவின் பேத்தி இங்கே மூன்றாம் தரத்தில் படிக்கிறது. அக்காதான் தொலைபேசியில், "தம்பி, எங்க பள்ளிக்கூடத்தில பரிசளிப்பு. உன்னைக் கூப்பிடச் சொல்றாங்க. வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ" என்று சொன்னா. அக்கா சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விடியற்காலையில் பஸ் ஏறினேன். கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இறங்கி வரும்போது போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டியதாப் போச்சு. உங்க ஊர் வெயில் அப்படி! ஆனால் உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் தூரம் அவ்வளவு பெரிது இல்லை. பிள்ளைகளே, உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் காலையில் குடித்த தேத்தண்ணியின் தேயிலை எங்கிருந்து வந்தது? சரியாகச் சொன்னீர்கள், மலைநாட்டிலிருந்து. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் காலையில் தின்னும் ரொட்டிக்கு மா எங்கிருந்து வருகிறது? இந்தச் சீனன்குடாவில் 1980ஆம் ஆண்டு முதல் ஓடுகிறதே பிரீமா மா ஆலை, அங்கிருந்து வருகிறது. கப்பலில் வந்து இறங்கும் கோதுமை இங்கே மாவாகி, மலை ஏறி, எங்கள் லயத்து அடுப்பில் ரொட்டியாகிறது. ஆகவே தினமும் காலையில் நீங்கள் எங்களுக்கும் நாங்கள் உங்களுக்கும் சாப்பாடு பரிமாறிக்கொள்கிறோம். அந்த உரிமையில்தான் இங்கே நிற்கிறேன்.

இன்னொரு உரிமையும் உண்டு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையகத்தை விட்டுத் திருகோணமலைப் பக்கமும் வன்னிப் பக்கமும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. என் அத்தானின் குடும்பமும் அப்படி வந்ததுதான். இந்த மண்டபத்திலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன என்று அறிகிறேன். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களும் பக்கத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் எந்தக் குடும்பம் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே பெரிய சந்தோஷம்.

கைதட்டல்

சற்று முன்னர் பரிசுகள் வழங்கப்பட்டன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்ற மூன்று பிள்ளைகள் மேடைக்கு வந்தபோது, கூரைத் தகரம் அதிரக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். இருநூறு புள்ளிக்கு நடக்கும் பரீட்சை அது. பத்து வயதுப் பிள்ளை இரண்டு வினாத்தாள்களுக்கு விடை எழுத வேண்டும். ரியூசனுக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டிலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள் என்றால், அந்த ஆசிரியை எத்தனை நாள் பின்னேரம் தங்கிப் படிப்பித்திருப்பா என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். அவவுக்கும் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துக்கள்.

அதன் பிறகு சித்திரம், கையெழுத்து, பேச்சு, ஓட்டம் என்று பரிசுகள் போயின. கடைசியில் ஒரு பரிசு கொடுத்தார்கள். வருடம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வந்ததற்கான வரவுப் பரிசு. இரண்டாம் தரத்துப் பிள்ளை ஒன்று, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடையோடு வந்து வாங்கிக்கொண்டு போனது. அப்போது கைதட்டல் அவ்வளவாக இல்லை. பின்னால் இருந்த சிலர் எழும்பி வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். நான் குறை சொல்லவில்லை. எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான். வருவது ஒரு சாதனையா, எல்லாரும் வருகிறார்கள்தானே என்று நினைக்கிறோம்.

நான் இன்று பேச நினைத்து வந்தது வேறு. அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் எழுதி வந்த தாளைச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். வருவது எவ்வளவு பெரிய சாதனை என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

என் அக்காவின் கதை

1982ஆம் ஆண்டு. நான் ஒன்றரை வயதுக் குழந்தை. அம்மா கொழுந்து எடுக்கிறவ. அப்பாவுக்குக் கவ்வாத்து மலையில் வேலை. அக்கா தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு. ஒரே கட்டடம், ஒரே மாஸ்டர், ஐந்து வகுப்பு. அக்கா நன்றாகப் படிக்கும் பிள்ளை. வாய்ப்பாடு சொல்லும்போது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே அடி எடுத்துக் கொடுப்பாளாம். இதை அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தா.

அந்த வருடம் எனக்குக் கக்குவான் இருமல் வந்தது. பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்று என்னை எடுக்கவில்லை. அவர்கள் செய்தது சரிதான். அம்மா வீட்டில் நின்றால் பேர் விழாது, அரிசி வாங்கக் காசு இருக்காது. ஆகவே அம்மா அக்காவிடம், "தம்பிக்கு நல்லாகிற வரைக்கும் ஒரு கிழமை வீட்ல இரு கண்ணு" என்று சொன்னா. ஒரு கிழமை இரண்டு கிழமை ஆனது. இருமல் நின்ற பிறகு எனக்குப் பேதி. பேதி நின்றபோது மேமாதக் கொழுந்து. தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், சித்திரை, வைகாசியில் கொழுந்து குவியும். அந்த நாளில் ஒரு பேரையும் விட முடியாது. "இந்த மாசம் போகட்டும், அடுத்த மாசம் போகலாம்" என்றா அம்மா. அடுத்த மாதம் வந்தபோது அக்காவுக்கே வெட்கம். எல்லாரும் பாதிப் புத்தகம் தாண்டிப் போய்விட்டார்கள், நான் போய் என்ன செய்ய என்று கேட்டாளாம்.

அந்தத் தவணை முடிவில் மாஸ்டர் வரவு இடாப்பில் அக்காவின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். ஒருவரும் சண்டை போடவில்லை, ஒருவரும் அழவில்லை. படிப்பை நிறுத்துவோம் என்று எங்கள் வீட்டில் எவரும் ஒரு நாளும் முடிவெடுக்கவில்லை. ஆனால் படிப்பு நின்றுபோனது.

பெற்றோர்களே, இத்தனை வருடம் லயங்களில் நடந்து நான் கண்டது இதுதான். பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளில் ஒரே நாளில் விட்ட பிள்ளை மிகக் குறைவு. இன்றைக்கு ஒரு நாள், நாளைக்கு மழை, நாளன்றைக்குச் சித்தி வீட்டுச் சடங்கு, அதற்குப் பிறகு சப்பாத்து கிழிந்து போச்சு. இப்படி நூல் நூலாகப் பிரிந்து கடைசியில்தான் அறுகிறது. அறுந்த பிறகு வந்து கட்டுவது கஷ்டம். பிரியும்போதே பிடிக்க வேண்டும்.

அக்கா நின்றதால் நான் படித்தேன். அவதான் என் கையைப் பிடித்து அடுப்புக்கரியால் லயத்துத் திண்ணையில் 'அ' போட்டுப் பழக்கினவ. நாலாம் ஆண்டுவரை தான் படித்ததை எல்லாம் எனக்குச் சொல்லித் தந்துவிட்டா. அதற்கு மேல் அவவுக்குத் தெரியாது. நான் சாதாரண தரம் வரை படித்து இந்த உத்தியோகத்துக்கு வந்தேன். இன்று உங்கள் அழைப்பிதழில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த எழுத்தில் பாதி என் அக்காவுடையது. அதனால்தான் அக்கா சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை என்றேன்.

ஒரு அறையில் தொடங்கியது

இந்தச் சீனன்குடாவைச் சுற்றிக் காட்டுக்குள் பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே வெள்ளைக்காரர் தங்கள் கப்பற்படைக்காகக் கட்டத் தொடங்கியவை அவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து இங்கே குண்டு போட்டன. உங்கள் பூட்டன்மாருக்கு அந்த நாள் தெரிந்திருக்கும். எண்ணெயைச் சேமிக்க அத்தனை உறுதியான இரும்புத் தாங்கி கட்டிய அதே ஆட்சிக்காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க என்ன இருந்தது தெரியுமா? பல இடங்களில் லயத்து முனையில் ஓர் அறை. அவ்வளவுதான்.

1907ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்கத் துரைமார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொன்னது. சட்டம் இருந்தது. எல்லாத் தோட்டத்திலும் பள்ளிக்கூடம் இருந்ததா என்றால் இல்லை. இருந்த இடங்களிலும் பத்து வயது வந்தால் பிள்ளை மலைக்குப் போய்விடும். 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. நாடு முழுவதும் ஏழைப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்த வளர்ச்சிக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு சுவீடன், ஜெர்மனி நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழும்பின. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள். இன்று எங்கள் லயங்களிலிருந்து பட்டதாரிகளும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் வந்திருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? சட்டம் வேண்டும், அரசாங்கம் வேண்டும், கட்டடம் வேண்டும். எல்லாம் வேண்டும். ஆனால் சட்டம் வந்து காலையில் பிள்ளையை எழுப்பி முகம் கழுவி விடாது. கட்டடம் வந்து கூப்பிட்டுக்கொண்டு போகாது. அதைச் செய்தவர்கள் அம்மாமாரும் ஆச்சிமாரும்தான். பிரட்டுக்குப் போகிற அவசரத்தில், இருட்டிலேயே ரொட்டி சுட்டு, பழைய துணியில் கட்டிப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு மலை ஏறிய பெண்கள்தான் மலையகத்தின் கல்வியைக் கட்டினார்கள். அவர்களுக்கு இதுவரை ஒருவரும் பரிசு கொடுக்கவில்லை.

ஊர் கை கொடுத்தால்

எங்கள் தாத்தா பாட்டி எந்தத் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்களோ, அங்கே நடந்த ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பார்த்தால், பசி. 1956ஆம் ஆண்டில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊரார் கொடுத்த நன்கொடையை வைத்துத்தான் சமைத்தார்கள். அதன் பிறகு அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு என்று அது பரவியது. அப்போது கல்வித் துறையை நடத்தியவர் நெ. து. சுந்தரவடிவேலு. அவர் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார். அங்கே காசுதான் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஒருவர் மணி கொடுப்பார், ஒருவர் வாங்கு கொடுப்பார், ஒருவர் நிலம் கொடுப்பார், ஒருவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பார். இது எங்கள் பள்ளிக்கூடம் என்ற எண்ணம் அப்படித்தான் ஊரில் வேர்விட்டது.

அந்த எண்ணம் இங்கேயும் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். காலையில் அதிபர் என்னைச் சுற்றிக் காட்டினார். கை கழுவும் தொட்டி புதிதாக இருந்தது. யார் கட்டியது என்று கேட்டேன். மேசன் வேலை செய்யும் ஒரு தந்தை இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து கூலி வாங்காமல் கட்டித் தந்தாராம். மார்கழி மழையில் பாதையில் வெள்ளம் நிற்கும்போது, ஆட்டோ வைத்திருக்கும் தகப்பன் ஒருவர் அந்த ஒழுங்கைப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு வருவாராம். சமையல் கொட்டிலில் அம்மாமார் நாலு பேர் முறை வைத்து நின்று சோறும் பருப்பும் கீரையும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் அக்கா. நாலாம் ஆண்டில் பள்ளிக்கூடத்தை விட்டவ, ஐம்பது வயதுக்கு மேலே பள்ளிக்கூடத்துக்குள் வந்து நிற்கிறா, அகப்பையோடு. பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துப்போச்சு. "என்ன தம்பி பாக்கிற, உப்பு சரியா பாரு" என்று கையில் குழம்பு ஊற்றினா.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாம் எல்லோரும் பட்ட பாடு மறக்கவில்லை. மா விலை, அரிசி விலை, மண்ணெண்ணெய் விலை. எங்கள் தோட்டத்தில் அப்போது காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே இந்தக் கொட்டிலில் வேகும் ஒரு பானைச் சோறு எத்தனை பெயரை இடாப்பில் வெட்டாமல் காக்கிறது என்பதை நீங்கள் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

தோட்டத்தில் நாங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் பேரை மனமுவந்து கொடுக்கிறோம். தேர் இழுக்க ஒருவரும் சொல்லி அனுப்பத் தேவையில்லை. பள்ளிக்கூடமும் ஒரு தேர்தான் என்று நான் அங்கே சொல்லுவேன். அதை வருடத்துக்கு ஒரு நாள் இழுத்தால் போதாது, தினமும் கொஞ்சம் இழுக்க வேண்டும். நீங்கள் இழுப்பதை இங்கே பார்த்தேன். திரும்பிப் போய் எங்கள் ஆட்களுக்குச் சொல்வேன்.

இங்கே இல்லாத பிள்ளை

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன். அதிபரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். காலையில் நாலாம் தர இடாப்பைப் பார்த்தேன். என் வேலைப் பழக்கம், எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் இடாப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். ஒரு பெயருக்கு நேரே போன மாதத்தில் நாலு நாள் வரவு. இந்த மாதத்தில் ஒரு நாள். பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் பலருக்குத் தெரியும். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறா. தகப்பன் கடலுக்குப் போகிறார். பார்த்துக்கொண்ட அம்மம்மாவுக்குக் கால் இயலாமல் போய்விட்டது. இரண்டு வயதுத் தம்பியை அந்தப் பிள்ளைதான் பார்க்கிறது.

அந்தக் குடும்பத்தில் யாரும் தவறு செய்யவில்லை. தயவுசெய்து யாரும் அந்த வீட்டுக்குப் போய்ப் புத்தி சொல்ல வேண்டாம். எங்கள் அம்மாவுக்குப் புத்தி சொல்ல அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள். "பொம்பளப் பிள்ளையப் படிக்க வை" என்று சொன்னார்கள். பிள்ளையைக் கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை. ஒருவர் சொல்லியிருந்தால் போதும். மூன்று மாதம் ஒருவர் என்னை இடுப்பில் வைத்திருந்தால், இன்று என் அக்கா இந்த மேடையில் அதிபராகவோ ஆசிரியையாகவோ உட்கார்ந்திருப்பா.

தினமும் காலையில் இந்தக் கொட்டிலில் நாலு அம்மாமார் நிற்கிறீர்கள். அந்தக் குழந்தையையும் அக்காவோடு சேர்த்து இங்கே கூட்டி வரச் சொல்ல முடியாதா? அடுப்புப் பக்கம் வராமல் ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்ற மூவர் சமைக்க முடியாதா? முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் முறை வைத்துப் பார்க்க முடியாதா? அதிபர் சம்மதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சங்கத்தார் இன்றைக்கே, கூட்டம் கலையுமுன் இதைப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று மிகப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு என்று வைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வீட்டுக் கதையில் கேட்டீர்கள்.

பெற்றோருக்குச் சில வார்த்தை

இனி என் உத்தியோகத்துக்குரிய சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். இது இங்கே இருப்பவர்களுக்கும், செய்தி மடலில் இதை வாசிக்கப் போகும் தோட்டத்துப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

முதலாவது, வரவு. 1998 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று இருந்தது. 2016இல் அதை 16 வயது வரை உயர்த்தியிருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு அது உரிமை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால், சங்கத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், "பிள்ளைக்குச் சுகமில்லையா?" என்று அன்பாகக் கேளுங்கள். கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். பிள்ளை பிறந்தவுடனே பதிவு செய்யுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் ஓடித் திரிகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

மூன்றாவது, கண். பிள்ளை கொப்பியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து எழுதுகிறதா, கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். மக்குப் பிள்ளை என்று அடி வாங்கிய பிள்ளை, கண்ணாடி போட்டதும் வகுப்பில் முன்னுக்கு வந்ததை எங்கள் தோட்டத்தில் நானே கண்டேன்.

நாலாவது, புலமைப்பரிசில். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணமும், நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த பரீட்சை அது. பத்து வயதில் பிள்ளையை இது தேறும், இது தேறாது என்று பிரித்து வைப்பதற்காக வந்ததல்ல. இங்கே மூன்று பேர் சித்தியடைந்தார்கள். அதே வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் பரீட்சை எழுதினார்கள். நாலு புள்ளி, ஐந்து புள்ளியில் விட்டவர்களும் இருப்பார்கள். அவர்களும் இதே பாயில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டினார்கள். அது சின்ன மனசு இல்லைங்க. வீட்டுக்குப் போய் "அவனைப் பார், இவளைப் பார்" என்று அந்தப் பிள்ளையைக் கரிக்காதீர்கள். ஆறாம் தரத்தில் எல்லாரும் புதிதாகத்தான் தொடங்குகிறார்கள்.

கடைசியாக, மாலை ஆறரை மணி முதல் எட்டு மணி வரை. அந்த ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் மூடி வையுங்கள். உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்குங்கள், கீரை ஆயுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கிறா என்றால் பிள்ளை படிக்கும்.

அதிபர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் முதல் வரவுப் பரிசைக் கடைசியில் வைக்காமல், முதலாவதாகக் கொடுங்கள். எங்கள் தோட்டத்துப் பாடசாலையிலும் இந்த வருடமே அப்படிச் செய்யும்படி கேட்கப் போகிறேன். அந்தப் பரிசைக் கொடுக்கும்போது பிள்ளையோடு சேர்த்து, காலையில் அதை எழுப்பி அனுப்பியவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். தாயோ, தகப்பனோ, அம்மம்மாவோ, யாராக இருந்தாலும்.

நீண்ட நேரம் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சோறு ஆறுகிறது என்று கொட்டிலிலிருந்து அக்கா கை காட்டுகிறா. போகுமுன் ஒன்று. அந்த ரெட்டைச் சடைப் பிள்ளை எங்கே? எழும்பி நில்லு கண்ணு. வெயில், மழை, காய்ச்சல், வெள்ளம் எல்லாவற்றையும் தாண்டி ஒரு நாள் தவறாமல் வந்த பிள்ளை இது. அம்மா வந்திருக்கிறாவா? அம்மாவும் எழும்புங்கள். இப்போது எல்லோரும் சேர்ந்து கைதட்டுங்கள். நான் மலைநாட்டுக்குப் போய்ச் சேரும் வரை காதில் கேட்க வேண்டும்.